கேஜ் முள் 210-லேயே நின்றது: ஆழத்தில் எதிர்கொண்டவை

ஸ்கூபா டைவிங்கில், மேலேயே கண்டுபிடித்திருக்க வேண்டிய ஒரு கோளாறை, தண்ணீருக்குள் போன பிறகு கண்டுபிடித்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் இங்கே எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

முதுகில் 12 லிட்டர் இரட்டைச் சிலிண்டர். நடுவே இரண்டையும் இணைக்கவும் பிரிக்கவும் ஒரு ஐசோலேட்டர் வால்வு. 45 மீட்டரில் கிடந்த ஒரு கப்பலைச் சுற்றி வருவதாகத் திட்டம். இறங்கும்போது சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் கேஜில் 210 பார். அடியில் சேர்ந்து சில நிமிடம் கழித்துப் பார்த்தேன், 210. மறுபடி பார்த்தேன், அப்போதும் 210. மேற்பரப்பில் எனக்கு நிமிடத்துக்கு 18 லிட்டர் காற்று போதும். 45 மீட்டரில் அழுத்தம் 5.5 பார் என்பதால் அது கிட்டத்தட்ட 100 லிட்டராகிவிடும். முள் இறங்காமல் இருக்க வழியே இல்லை.

கேஜ் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. கேஜ் இருப்பது இடது வால்வில். நான் மூச்சு இழுக்கும் லாங் ஹோஸ் (நீளக் குழாய்) வலது வால்வில். நடு வால்வு மூடியிருந்தால் இரண்டும் தனித்தனிச் சிலிண்டர்கள். வலதை நான் காலி செய்துகொண்டிருக்க, கேஜ் யாரும் தொடாத இடதைக் காட்டிக்கொண்டிருந்தது.

கையைப் பின்னால் கொண்டுபோய்க் குமிழைத் திருப்பினேன். தலைக்குப் பின்னால் உஸ்ஸென்று காற்று பாய்ந்தது. கண் முன்னாலேயே முள் 170-க்கு இறங்கியது. அப்படியென்றால் வலது பக்கம் அதுவரை சுமார் 130 பார்தான் மிச்சம் இருந்திருக்கிறது.

இடது பக்கம்தான் நிறைய இருந்ததே என்று தோன்றலாம். உண்மைதான், கழுத்தில் தொங்கும் மாற்று ரெகுலேட்டர் (வாயில் வைத்து மூச்சு இழுக்கும் கருவி) இடது பக்கத்தது, அதற்கு மாறியிருப்பேன். ஆனால் மிதப்பைச் சரிசெய்யும் காற்றுப்பையான விங்குக்குக் காற்று ஊட்டும் குழாய் வலது பக்கம். கூட வந்தவருக்குக் காற்று தேவைப்பட்டிருந்தால் நான் நீட்டியிருக்கப்போகும் லாங் ஹோஸும் வலது பக்கம். எல்லாமே சேர்ந்து ஒரே நேரத்தில் நின்றிருக்கும். வாயு நிரப்புவதற்கு முன்பே அந்த வால்வு மூடியிருந்தால் இன்னும் மோசம். புது ட்ரைமிக்ஸ் (ஹீலியம் கலந்த வாயு) ஒரு பக்கம், பழைய வாயு மறுபக்கம். ஒரு பக்கத்தை மட்டும் அளந்து பார்த்துவிட்டு இறங்கியிருப்பேன்.

யார் மூடினார்கள் என்று தெரியாது, நானாகக்கூட இருக்கலாம். "மூன்றும் திறந்திருக்கிறது" என்று சொன்ன நான், தொட்டுப் பார்த்தது ஓரத்து இரண்டை மட்டும்தான். இப்போது மூன்றையும் கையால் திருப்பிப் பார்க்கிறேன், முழுக்கத் திறந்துதான் வைக்கிறேன். முழுக்கத் திறந்துவிட்டுக் கால் சுற்று திருப்பி மூடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, எனக்கு அது பிடிக்காது. தொட்டுப் பார்க்கும் அடுத்தவருக்கு அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று புரிவதில்லை.

*

மேலே எழுதியவர் சொன்ன "தொட்டுப் பார்க்கவில்லை" என்பதைப் படித்ததும் என் டைவ் நினைவுக்கு வந்தது.

டெகோவுக்கு, அதாவது மேலே வரும் வழியில் நின்று நின்று உடலில் சேர்ந்த வாயுவை வெளியேற்றுவதற்கு, இரண்டு ஸ்டேஜ் சிலிண்டர் (பக்கவாட்டில் மாட்டும் கூடுதல் சிலிண்டர்) வைத்திருந்தேன். ஒன்றில் 50 சதவீத நைட்ராக்ஸ் (பாதி ஆக்சிஜன் உள்ள கலவை), இன்னொன்றில் சுத்த ஆக்சிஜன். முதலாவதை 21 மீட்டரிலும் இரண்டாவதை 6 மீட்டரிலும்தான் வாயில் வைக்க வேண்டும். 21 மீட்டருக்கு வந்ததும் ஒரு ரெகுலேட்டரை எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோகும் முன் கூட வந்தவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். சிலிண்டரின் மேல் பெரிதாக ஒட்டியிருந்த "6" என்ற எண்ணைக் காட்டினார். அந்த ஆழத்தில் அது 3.1 பார் ஆக்சிஜன். டெகோவில் நாங்கள் தாண்டாத எல்லை 1.6. அதைத் தாண்டினால் வலிப்பு வரலாம், அதற்கு முன்னால் எந்த அறிகுறியும் இல்லாமலே போகலாம். நீருக்கடியில் வலிப்பு வந்தால் ரெகுலேட்டர் வாயிலிருந்து விழும், மூழ்கித்தான் சாவார்கள்.

ஆழ எண்ணைக் கூட்டாளிக்குக் காட்டுவது, வால்விலிருந்து வாய்வரை குழாயை விரலால் தொடர்ந்து வருவது, அவர் தலையசைத்த பிறகே மாறுவது, எல்லாம் எனக்குப் பாடம். அன்று குளிர், கொஞ்சம் அவசரம், நேராகக் குழாயைப் பிடித்துவிட்டேன். இன்று நான் இதை எழுதுவது அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்ததால்தான்.

*

நான் ரீபிரீதர் (விட்ட மூச்சையே சுத்தம் செய்து மறுபடி தரும் கருவி) ஆள். சுருக்கமாகச் சொல்கிறேன். 30 மீட்டரில் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும்போது மூச்சு வேகமாகி, நின்ற பிறகும் குறையவில்லை. தலைவலி, அதோடு காரணமில்லாத ஒரு பயம். திரையில் ஆக்சிஜன் செல் மூன்றும் சரியாகவே காட்டின. அவை கார்பன் டை ஆக்சைடை அளப்பதில்லை. இறங்கும் முன் 5 நிமிடம் மூச்சு விட்டுப் பார்த்ததிலும் ஒன்றும் தெரியவில்லை.

மாற்று வாயுவுக்குப் போக வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் இரண்டு விநாடி மூச்சை நிறுத்தி வாயிலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை. அந்தத் தவிப்பை அனுபவிக்காதவருக்கு விளக்குவது கஷ்டம். என் வாய்ப்பகுதியிலேயே மாற்று வால்வு இருந்தது. நெம்புகோலைத் தள்ளினேன், திறந்த சுற்றுக்கு, அதாவது சிலிண்டரிலிருந்து நேராக மூச்சு இழுப்பதற்கு, மாறினேன், மூச்சு அடங்கவே சில நிமிடம் பிடித்தது. மேலே வந்து பிரித்தபோது கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் கேனிஸ்டருக்குக் கீழே இருக்க வேண்டிய ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) இல்லை. கழுவி உலர வைத்தபோது எடுத்தது, மேசையிலேயே கிடந்தது.

*

முதலில் எழுதியவன்தான். அந்த ஓ-ரிங் கதையைப் படித்ததும் எழுந்து போய் என் சாமான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பழைய ரெகுலேட்டரைக் கழுவிவிட்டு எடுத்துவைத்த ஒரு ஓ-ரிங் அடியில் இருக்கிறது, எதிலிருந்து கழற்றியது என்று இன்னும் தெரியவில்லை. எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த டைவ்.