ரை றொட் எண்டுக்கு இரண்டு சுத்தியல், ஸ்பிரிங்குக்கு?

கிளிநொச்சியிலிருந்து:

அக்கராயன் பக்கத்துக் கிரவல் றோட்டில் தினமும் ஓடும் காருக்கு முன்பக்கம் நெடுநாள் தாங்காது. என்னுடையது பழைய 110 கொறொல்லா. மாரி முடிந்த கையோடு, ஸ்ரியறிங்கைத் திருப்பும்போதெல்லாம் ‘டொக், டொக்’. கராஜில் இரண்டு கிழமை கழித்து வரச் சொன்னார்கள். சரி, நாங்களே பார்ப்போம் என்று மாமரத்துக்குக் கீழே விட்டேன்.

வெறும் ஜக்கை நம்பிக் காருக்குக் கீழே தலையைக் கொடுக்கிற ஆள் நான் இல்லை. பாலைக் குற்றி இரண்டை முட்டுக்கொடுத்துச் சில்லைக் கழற்றினேன். நட்டைப் பூட்டி நிற்கும் கொட்டர் பின்னை இழுத்து நட்டைத் தளர்த்தியும், ஸ்ரியறிங் தண்டைச் சில்லோடு இணைக்கும் முனையான ரை றொட் எண்டு அசையவில்லை. அதன் கூம்பு முனை துளைக்குள் இறுகி நிற்பது. நுனியில் அடித்தால் மரைதான் நசியும். அதை இழுத்துக் கழற்றும் புள்ளரும் என்னிடம் இல்லை.

பக்கத்து வளவு அண்ணை எட்டிப் பார்த்தார். போர்க்காலப் பொருளாதாரத் தடையில், பெற்றோல் கிடைக்காதபோது மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர். காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுப்பாராம். எஞ்சின் சூடேறினால் பிறகு மண்ணெண்ணெய்தான்.

“தம்பி, ரெண்டு சுத்தியல் எடுத்து வா” என்றார். எண்டு செருகியிருந்த துளையைச் சுற்றிய இரும்புக் காதின் ஒரு பக்கம் ஒன்றை அண்டக்கொடுத்து, மறுபக்கம் மற்றதால் ஓங்கினார். மூன்றாவது அடியில் ‘டங்’. நட்டை நாலு மரையில் விட்டிருந்ததால் எதுவும் காலில் விழவில்லை. பழைய எண்டை எத்தனை சுற்றில் கழற்றினேனோ, புதியதையும் அத்தனை சுற்றுப் போட்டேன். சில்லுகள் நேராக நிற்கிறதா என்ற எலைன்மென்ற் பிறகு எப்படியும் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் வவுனியா வரைக்கும் கார் நேராகப் போனது.

அந்தப் புழுகத்தில் அடுத்த ஞாயிறு முன் சொக்கப்சரையும் இறக்கிவிட்டேன். அதைச் சுற்றி அமுங்கி நிற்கும் ஸ்பிரிங்கைக் கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டி, அதைப் பிடித்து நிற்கும் நடு நட்டில் சாவியை வைத்த நேரம் அண்ணை வேலிக்கு அங்கால் நின்று கத்தினார். “கையை எடு! அது கழண்டால் உன்ரை முகம் இராது.” கோபித்து நான் கண்டிராத மனிதர். ஒன்றுமில்லாத காலத்திலும் எல்லாம் திருத்திய ஆள், இதற்கு மட்டும் வேறு வழி சொல்லவில்லை. என்னுடைய சைக்கிளையே எடுத்துக்கொண்டு போய், தெரிந்த கராஜில் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கொம்பிறெசர் இரவல் வாங்கி வந்தார். மரை முழுக்கச் செம்மண். மண்ணெண்ணெயில் கழுவிக் கிறீஸ் பூசவே அரை மணி. இரண்டு கொளுக்கியையும் எதிரெதிரே மாட்டி, இதில் ரெண்டு சுற்று, அதில் ரெண்டு சுற்று என்று மாறிமாறி இறுக்கினோம். அண்ணை அன்று தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

மாங்குளத்திலிருந்து:

அதே 110 தான் என்னிடமும். செக் எஞ்சின் லைற் எரிந்தது. தெரிந்தவரின் ஸ்கேனர் பொருந்தவில்லை. போனட்டுக்குள் இருக்கும் சின்னக் கறுப்புச் சோதனைப் பெட்டியைத் திறந்து, ரீஈ1, ஈ1 என்ற இரண்டு பின்னையும் ஒரு துண்டு வயரால் தொடுத்துத் திறப்பை ஓனில் வைத்தேன். லைற் இரண்டு முறை சிமிட்டி, நின்று, மறுபடி இரண்டு. 22 என்றால் தண்ணீர்ச் சூட்டு சென்சர். பார்த்தால் சொக்கற்றில் வயர் ஒன்று கழன்று கிடந்தது. பெட்டி மூடியின் உட்பக்கம் பெயர்கள் இருக்கும். பார்க்காமல் வேறு பின்னில் குத்திவிடாதீர்கள்.

வவுனியாவிலிருந்து:

கிளிநொச்சியிலிருந்து எழுதின அண்ணை, சில்லைப் பிடிக்கும் கீழ் ஆமின் றப்பர் புஷ் போல்ட்டையும் கழற்றினீங்களோ? கழற்றியிருந்தால் சில்லு நிலத்தில் நின்று கார் பாரம் ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கு. நான் ஜக்கில் வைத்தே இறுக்கி, புது புஷ் முறுகிக் கிழிந்தது. இரண்டாம் முறையும் காசு கொடுத்தேன்.