கடைசி ஸ்பீக்கர் குழாய்ல பாட்டு லேட்டா வர்றது வயராலயா?

மைக்செட்காரன்: நேத்து ஒருத்தர் எழுதுறாரு, "தேர்முட்டிக் குழாய்ல பாட்டு லேட்டு, 300 மீட்டர் வயர்ல கரண்ட் நடந்து வரணும்ல"ன்னு. வயர்ல சிக்னல் விநாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் பக்கம் போகுதுய்யா! காத்துல சத்தம் 340 மீட்டர்தான். கோயில்ல நின்னா தேர்முட்டிக் குழாய் லேட்டு. தேர்முட்டியில நின்னா கோயில் குழாய் லேட்டு. நின்னு பாருங்க.

வெண்ணாற்றங்கரை: எழுதினது நான்தான், நேராவே திட்டலாம். எலக்ட்ரான் மெதுவாத்தான் நகருது. +2ல படிச்சது.

மைக்செட்காரன்: மெதுவுதான். 1.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர்ல 1 ஆம்பியர் போனா விநாடிக்கு 0.05 மி.மீ. உங்க கணக்குப்படி ஆனித் திருமஞ்சனத்துல போட்ட பாட்டு ஆவணியிலதான் தேர்முட்டிக்கு வரும். பாட்டு சிக்னல் ஏசி வேற. எலக்ட்ரான் நின்ன இடத்துலயே முன்னப் பின்ன ஆடும், அவ்வளவுதான்.

வெண்ணாற்றங்கரை: பாத்தீங்களா, மெதுவுன்னு அவரே சொல்லிட்டாரு. மேட்டூர்ல ஜூன் 12 திறந்தா கல்லணைக்கு வர 3, 4 நாள் ஆகலையா?

மைக்செட்காரன்: அது காஞ்ச ஆறு. வயர்ல எலக்ட்ரான் ஏற்கெனவே ரொம்பிக் கெடக்கு. இங்க தள்ளினா அங்க உடனே அசையும்.

கடைமடை: கல்லணைக்கு 3 நாள், சரி. வேதாரண்யம் பக்கம் எப்ப வருதுன்னு யாராச்சும் கேட்டீங்களா? வாய்க்கால் பூரா ஆகாயத்தாமரை. தூர் வாரினதா பில்லு மட்டும் இருக்கு.

பி.இ. கும்பகோணம்: ரெண்டு பேரும் தப்பு. சக்தி கம்பிக்குள்ள போகல, சுத்தியுள்ள மின்காந்தப் புலத்துல போகுது. 1884லயே இயற்பியலாளர் பாய்ன்டிங் சொல்லியாச்சு.

மைக்செட்காரன்: அப்ப வயரை உருவிட்டுப் பாட்டு போடுங்க சார். பிள்ளையார் சதுர்த்தி வாடகை பாக்கியும் புலத்துலதான் சுத்துதா?

பி.இ. கும்பகோணம்: ராத்திரி பூரா குழாய் உர்ருன்னு உறுமிச்சே, அதுக்கு வாடகையா? 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். அதை நிறுத்தத் தெரியல.

மைக்செட்காரன்: மைக் வயரைக் கரண்ட் வயரோட சேத்துக் கட்டினது உங்க தெருப் பசங்க. இரைச்சலை அடக்குற பேலன்ஸ்டு வயர் போடுறேன்னப்ப காசு அதிகம்னது யாரு?

வெண்ணாற்றங்கரை: எப்படியோ, எலக்ட்ரான் மெதுவு.

மைக்செட்காரன்: தேர்முட்டியில நின்னு கேட்டீங்களா, இல்லையா?

வெண்ணாற்றங்கரை: என் வீடே அங்கதான். எங்க குழாய் காதுக்கிட்ட அலறுறப்ப கோயில் குழாய் யாருக்குக் கேக்கும்?

மைக்செட்காரன்: கேக்காமலேதான் லேட்டுன்னு எழுதினீங்களா!

பி.இ. கும்பகோணம்: பசங்களை இழுக்காதீங்க. தப்பா எர்த் கொடுத்து உறும விட்டது உங்க ஆளு.