34 வாரக் கர்ப்பத்தில் குழந்தையின் துடிப்பு நின்றுவிட்டது: ஞானஸ்நானம், அடக்கம், பூசை பற்றி

வண்ணாரப்பேட்டை அண்ணன்:
தங்கச்சிக்கு 34 வாரம். இன்று காலை ஸ்கேனில் துடிப்பு இல்லை. நாளைக்கு வலி வர மருந்து வைக்கிறார்கள். "குழந்தையை எடுத்துக்கிறீங்களா, இங்கேயே விட்டுடுறீங்களா?" என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். முகத்தைக் காட்டாதே, பெயர் வைக்காதே என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். அவளோ ஞானஸ்நானம் கொடுக்கணும் என்று அழுகிறாள். எங்கள் பங்கு (கோவில் வட்டாரம்) ராயபுரம் பக்கம். எதை முதலில் செய்வது?

உபதேசியார்:
தம்பி, "நாங்களே எடுத்துக்கிறோம்" என்று எழுதிக் கொடுங்க. விட்டுட்டு வந்தால் பிறகு கேட்டாலும் கிடைக்காது, கல்லறை என்று போய் நிற்க ஓர் இடமும் இருக்காது.

ஞானஸ்நானம் போன்ற அருட்சாதனங்கள் உயிரோடு இருப்பவர்களுக்கானவை. வயிற்றிலேயே இறந்தது உறுதி என்றால் ஃபாதர் ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார். குழந்தையை ஒதுக்குகிறார் என்று தங்கச்சி நினைத்துவிடக் கூடாது, முன்கூட்டியே சொல்லி வையுங்க. பிறக்கும்போது மூச்சோ, அசைவோ, தொப்புள்கொடியில் துடிப்போ தெரிந்தால் மட்டும் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றிக்கொண்டே "(பெயர்), பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். தண்ணீர் தோலில் பட்டு ஓட வேண்டும். ஊற்றுபவரே சொல்லவும் வேண்டும். ஒருவர் ஊற்ற இன்னொருவர் சொன்னால் செல்லாது. பதற்றத்தில் இந்தத் தப்புதான் நடக்கும்.

ஞானஸ்நானம் பெறாத குழந்தைகள் மோட்சத்துக்குப் போகாமல் லிம்போ என்ற இடத்தில் தங்கிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்க வேண்டாம். திருச்சபை அதை விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் அறிவித்ததில்லை. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 1261). அவர்கள் மீட்புப் பெறுவார்கள் என்று நம்பக் காரணம் உண்டு என வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையமும் 2007-ல் விரிவாக எழுதியது.

அடக்கச் சடங்குக்கு முழு உரிமை உண்டு. பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்தாலே போதும், ஆயரின் அனுமதியோடு நடத்தலாம் என்கிறது திருச்சபைச் சட்டம் 1183. அனுமதியைப் பங்குத்தந்தை பார்த்துக்கொள்வார், இன்று இரவே போன் பண்ணிடுங்க. பெயர் கண்டிப்பா வையுங்க. அடக்கம் முடிந்ததும் பங்கின் அடக்கப் பதிவேட்டில் அந்தப் பெயரோடு எழுதச் சொல்லுங்க. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏறாது, இதில் ஏறும்.

பிரசவ வார்டு நர்ஸ்:
அண்ணா, முகம் காட்டுவதா வேண்டாமா என்பதை அக்காதான் சொல்லணும், பெரியவர்கள் இல்லை. முதலில் வேண்டாம் என்றாலும் ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை கேளுங்க.

துடிப்பு நின்று ஒன்றிரண்டு நாள் ஆகியிருந்தால் தோல் உரிய ஆரம்பித்திருக்கும். தேய்த்துக் குளிப்பாட்டக் கூடாது. பஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து ஒற்றி எடுக்கணும். தலை ரொம்ப மெத்தென்று இருக்கும், குல்லா போட்டுவிடுங்க. கனமில்லாத பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றலாம். பாதத் தடம் எடுக்க இங்க் பேடை லேசாக ஒற்றி, கெட்டி அட்டையைப் பாதத்தின் மேல் குதிகாலிலிருந்து விரல் பக்கமாக அழுத்துங்க. பாதத்தை அட்டையில் அழுத்தினால் வழுக்கி மை இழுபடும். தோல் உரிந்திருந்தால் தடம் வேண்டாம், அம்மாவின் விரல்மேல் அந்தக் கை இருக்கிற மாதிரி ஒரு போட்டோ போதும்.

28 வாரம் தாண்டியதால் இறந்து பிறந்த குழந்தை என்று அரசுப் பதிவு உண்டு. மருத்துவமனை படிவம் 3-ல் 21 நாளுக்குள் மாநகராட்சிக்கு அனுப்பும். அம்மா அப்பா பெயரின் எழுத்தை அனுப்பும் முன் சரிபாருங்க. அதில் குழந்தை பெயருக்கு இடமில்லை, இறப்புச் சான்றிதழும் வராது. அதனால் கல்லறையில் சிக்கல் வரும். அம்மா பெயர், எத்தனை வாரம், தேதி, "உயிரின்றிப் பிறந்தது" என்ற வரி, டாக்டர் கையெழுத்து, முத்திரை, இத்தனையும் உள்ள கடிதத்தை டிஸ்சார்ஜுக்கு முன்பே வாங்கிடுங்க.

மூன்றாம் நாள் வாக்கில் பால் கட்டும். அப்போதுதான் அக்கா ரொம்ப உடைந்து போவாங்க, கூட ஆள் இருக்கணும். பாலைப் பீய்ச்சினால் இன்னும் ஊறும். குளிர்ந்த துணி வைத்து, மாத்திரையை டாக்டரிடம் கேளுங்க. வேலைக்குப் போகிறவங்க என்றால் மகப்பேறு விடுப்புக்கான சட்டத்தில் இறந்து பிறந்த குழந்தையும் குழந்தைதான். விடுப்பைக் கருச்சிதைவுக் கணக்கில் 6 வாரமாகக் குறைக்க விடாதீங்க.

காசிமேடு கடற்காற்று:
டாக்டர் கடிதத்தோடு பங்குத்தந்தையின் கடிதமும் எடுத்துக்கொண்டு கல்லறை அலுவலகத்துக்குக் காலையிலேயே போயிடுங்க. குழி எண்ணைக் கேட்டு எழுதிக்கணும். பிள்ளைக் குழி சின்னது, ஒரு மழையில் மண் அமுங்கி அடையாளம் போயிடும். கடலோரம் இரும்புச் சிலுவை உப்புக் காற்றில் துருப்பிடித்து உதிரும், பெயின்ட் எழுத்தும் நிற்காது. ஒரு சாண் கிரானைட் துண்டில் பெயரையும் ஒரே தேதியையும் வெட்டி, பாதி மண்ணுக்குள் போகிற மாதிரி பதியுங்க.

வண்ணாரப்பேட்டை அண்ணன்:
நன்றி. தாளில் எடுத்துக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தாச்சு. வருஷா வருஷம் பூசைக்கு எப்படி எழுதுவது?

உபதேசியார்:
"ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று எழுத வேண்டாம், பாவமறியாத பிள்ளை. "குழந்தை (பெயர்)-ஐ இறைவன் கையில் ஒப்படைத்து, பெற்றோரின் ஆறுதலுக்காக" என்று கொடுங்க. பிறந்த தேதிக்கு ஒன்று, டிசம்பர் 28 மாசற்ற குழந்தைகள் விழாவுக்கு ஒன்று. பலர் ஒரே நாளுக்குக் கேட்பார்கள், முன்கூட்டியே பங்கு அலுவலகத்தில் எழுதி வையுங்க.

காசிமேடு கடற்காற்று:
நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அடைமழைக் காலம். முந்தின நாளே போய்ப் புல்லைப் பிடுங்கி மண்ணை மேடாக்கிடுங்க. ஃபாதர் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை ஆசீர்வதித்துக்கொண்டு வரும்போது மேடு தெரிந்தால்தான் தீர்த்தம் அதன்மேல் விழும். மெழுகுவர்த்தியை மேட்டின் மேல் நட்டால் காற்றில் அணையும். கல்லுக்கு மேற்கே ஒரு கை ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி அதற்குள் வையுங்க, கடற்காற்றைக் கல் மறைத்துக்கும்.