பச்சை விளக்கு எரிந்தது, லாக்கர் திறக்கவில்லை: உங்கள் வீட்டு அனுபவங்களையும் சொல்லுங்கள்

எங்கள் வீடு மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில். போன மாதம் தம்பி விடுமுறை முடிந்து துபாய்க்குத் திரும்ப வேண்டிய நாள். திருவனந்தபுரத்திலிருந்து இரவு 11.30-க்கு விமானம். களியக்காவிளையில் வண்டிகள் தேங்கி நின்றுவிட்டால் எப்போது போய்ச் சேருவோம் என்று சொல்ல முடியாது, அதனால் 6 மணிக்கே கிளம்புவதாக இருந்தோம். 5 மணிக்குப் பாஸ்போர்ட்டை எடுக்கப் போனேன்.

டிஜிட்டல் லாக்கரில் நம்பரைப் போட்டேன். ஒவ்வொரு பொத்தானுக்கும் பீப் சத்தம் கேட்டது, பச்சை விளக்கும் எரிந்தது. கைப்பிடியைத் திருப்பினால் அசையவே இல்லை. மறுபடி போட்டேன். அதே பீப், அதே பச்சை விளக்கு.

அம்மா பின்னால் நின்றுகொண்டு, "மக்களே, தாக்கோல் உண்டுல்லா?" என்று கேட்டார்கள். தாக்கோல், அதாவது அவசரத்துக்குத் திறக்கும் சாவி, இரண்டு உண்டு. இரண்டும் லாக்கருக்குள்ளே, நகைப் பெட்டிக்குப் பின்னால் இருந்தன. வாங்கிய அன்று நான்தான் அங்கே வைத்தேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் வெல்டிங் பட்டறையிலிருந்து கிரைண்டர் கொண்டுவருகிறேன் என்று கிளம்பிவிட்டார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் தீப்பொறி உள்ளே விழுந்து பாஸ்போர்ட் கருகினால் என்ன செய்வது? தம்பி அந்த ஸ்டீல் கதவையே பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அவன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பூட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு பையனின் எண் மனைவியிடம் இருந்தது. போன் போட்டோம். அவன் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, பச்சை எரிஞ்ச உடனே உள்ள டிக்குன்னு ஒரு சத்தம் வருதா?"

காதை வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை.

"அப்ப பேட்டரிதான். யாரையும் துளை போட விடாதீங்க. பொத்தானுக்குப் பக்கத்துல சின்ன ஓட்டை ஒண்ணு இருக்கா? லாக்கரோட ஒரு கறுப்பு டப்பா தந்திருப்பாங்க, வயர் உள்ளது. தேடுங்க."

மனைவி பழைய போன் சார்ஜர்கள் போட்டு வைக்கும் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தாள். உள்ளங்கை அளவு டப்பா, 4 பேட்டரி போட இடம், முனையில் ஒரு பின். எதற்கென்று தெரியாமலே தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள்! தம்பி பைக்கில் போய் ஆல்கலைன் பேட்டரி வாங்கி வந்தான். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதாரண பேட்டரி போதாது என்று அந்தப் பையன் அழுத்திச் சொல்லியிருந்தான். பின்னைச் செருகி நம்பர் போட்டேன். டிக். கதவை ஒரு கையால் உள்பக்கமாக அழுத்திக்கொண்டு கைப்பிடியைத் திருப்பினேன், திறந்துவிட்டது. மணி 6.20.

அப்புறம் அவன் விளக்கியது: உள்ளே 4 பென்சில் பேட்டரி, ஒவ்வொன்றும் 1.5 வோல்ட், சேர்ந்து 6 வோல்ட். விளக்குக்கும் பீப்புக்கும் கொஞ்சம் மின்சாரம் போதும். தாழ்ப்பாளை மறித்து நிற்கும் ஊசியை இழுப்பது ஒரு செம்புக் கம்பிச் சுருள், சோலினாய்டு என்பார்கள். அதற்கு அந்த ஒரு நொடியில் நிறைய மின்சாரம் வேண்டும். தளர்ந்த பேட்டரியில் சரியாக அந்த நேரத்தில் வோல்ட் இறங்கிவிடும். அதனால்தான் விளக்கு எரிவதை நம்பக் கூடாது என்கிறான். 1.2 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரி நாலு போட்டாலும் 4.8 தான் வரும், அதுவும் வேண்டாம்.

பேட்டரி மாற்றியதும் கதவைச் சாத்தாதீர்கள். திறந்து வைத்தபடியே நம்பர் போட்டு, தாழ்ப்பாள் வெளியே வந்து உள்ளே போகிறதா என்று இரண்டு முறை பாருங்கள்.

தம்பி விமானத்தைப் பிடித்துவிட்டான். உங்கள் வீட்டில் இப்படி நடந்ததுண்டா?

குளச்சலிலிருந்து:
எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடக்கிற தூரம்தான். உப்புக் காற்றுக்குக் கேட் கீல், ஜன்னல் கம்பி எதுவும் தப்பாது, லாக்கர் மட்டும் தப்புமா? எங்களுக்குத் தாக்கோல் வெளியேதான் இருந்தது, ஆனால் அவசரப் பூட்டு துருப்பிடித்துத் தாக்கோல் பாதி வரைதான் போயிற்று. ஆள் வந்து அரை நாள் மெனக்கெட்டுத் திறந்தார். பார்த்தால், பேட்டரி ஒழுகி ஸ்பிரிங்கெல்லாம் பச்சை பூத்திருந்தது. பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புதுப் பேட்டரி போட்டார். பூட்டு ஓட்டையில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்ந்து பிசுபிசுப்பாகிவிடும். நான் விட்டிருந்தேன், திட்டினார். பென்சில் கரியைப் பொடி செய்து போடச் சொன்னார். இப்போது மாதம் ஒருமுறை தாக்கோலைப் போட்டுத் திருப்பிப் பார்க்கிறேன்.

குலசேகரத்திலிருந்து:
எங்களுக்குப் பேட்டரி பிரச்சினை இல்லை. மாமாவுக்கு நம்பர் மறந்து மூன்று முறை தவறாகப் போட்டுவிட்டார். அதற்கு மேல் சரியான நம்பரையே போட்டாலும் எடுக்கவில்லை. பதற்றத்தில் நாங்கள் எல்லாரும் மாறி மாறி அமுக்கிக்கொண்டே இருந்தோம். தவறான நம்பர் விழுந்தால் கொஞ்ச நேரம் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று கையேட்டில் இருந்தது, யாரும் படிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து ஒரே ஒரு முறை நிதானமாகப் போட்டதும் திறந்தது. மாமா அன்று முழுக்கத் தன்னையே நொந்துகொண்டார், அதுதான் எனக்கு வருத்தம்.

நாகர்கோவிலிலிருந்து:
கதவை அழுத்திக்கொண்டு திருப்பச் சொன்னது மிகச் சரி. கல்யாண ஆல்பத்தைத் திணித்து வைத்திருந்தோம், அது கதவை வெளியே தள்ளித் தாழ்ப்பாளை இறுக்கிவிட்டது. ஒன்று கேட்கிறேன் அண்ணே, இப்போது தாக்கோலை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

முதலில் எழுதியவர்:
ஒன்று தக்கலையில் அக்கா வீட்டில். இன்னொன்று வங்கி லாக்கரில். கறுப்பு டப்பா அதே பிஸ்கட் டின்னில்தான் இருக்கிறது, மூடியின் மேல் எழுதி ஒட்டியிருக்கிறாள்.