மாதக்கணக்கில் நிறுத்தும் புல்வெட்டி: டேங்கைக் காலி செய்வதா, நிரப்பி வைப்பதா?

தோட்டக்காரன்:
என் பெட்ரோல் புல்வெட்டிக்கு இனி சில மாதம் வேலை இல்லை. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின், இரும்பு டேங்க், அதில் பாதி பெட்ரோல் கிடக்கிறது. அப்படியே மூடி வைக்கலாமா?

ஸ்பேனர்:
வேண்டவே வேண்டாம், வடித்துவிடுங்கள். பெட்ரோல் ஒரு மாதம் தாண்டினாலே கெடத் தொடங்கும். லேசான பகுதி ஆவியாகிவிடும், மிச்சம் பிசின் மாதிரி இறுகி, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் ஜெட் என்ற சிறு துளையை அடைக்கும். அந்தத் துளையில் ஊசி நுழைவதே கஷ்டம். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தையும் இழுக்கும். டேங்கை வடித்த பிறகு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பழுதுக்கு என்னிடம் வருகிறவற்றில் பாதிக்கு மேல் பழைய பெட்ரோல் செய்த வேலைதான்.

மழைத்துளி:
நான் இதை ஏற்கவில்லை, ஸ்பேனர். காலி இரும்பு டேங்கில் இரவு பகல் வெப்பம் மாறும்போது உள்ளே ஈரம் படியும், துரு பிடிக்கும். அந்தத் துருத்தூள் நேராக கார்புரேட்டருக்குத்தான் போகும். ஓடி நின்ற எஞ்சினிலும் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் பெட்ரோல் தங்கிவிடுகிறது. பிசினாவது அந்தக் கொஞ்சம்தான். புது பெட்ரோலில் ஸ்டெபிலைசர் (பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் இருக்கச் சேர்க்கும் திரவம்) கலந்து டேங்கை நிரப்பி, பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவதே என் வழி.

ஸ்பேனர்:
கிண்ணத்தில் தங்குவது உண்மை. அதற்குத்தான் கிண்ணத்தின் அடியில் ஒரு போல்ட் இருக்கிறது, கழற்றினால் அதுவும் வடிந்துவிடும். ஸ்டெபிலைசர் பெட்ரோல் கெடுவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஏற்கெனவே கெட்டதை அது மீட்காது. அவர் டேங்கில் இருப்பது எப்போது வாங்கியது என்று கேட்டீர்களா? மேலும் நிறைந்த டேங்கோடு புல்வெட்டியை வீட்டுக்குள், தண்ணீர் சூடாக்கும் அடுப்பு இருக்கும் அறையில் வைத்தால் பெட்ரோல் ஆவிக்குத் தீப்பொறி ஒன்று போதும்.

மழைத்துளி:
வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பிளாஸ்டிக் டேங்குக்குச் சொல்லும் யோசனையை இரும்பு டேங்குக்கும் சொல்லாதீர்கள். துரு ஏறிய டேங்கைச் சுத்தம் செய்வது கார்புரேட்டர் கழுவுவதைவிடப் பெரிய பாடு.

பசும்புல்:
இருவரும் பெட்ரோலிலேயே நிற்கிறீர்கள். எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் பிளேடு மழுங்கியிருந்தால் புல் வெட்டுப்படாது, கிழியும். மறுநாள் நுனியெல்லாம் பழுப்பாகிவிடும். முதலில் பிளேடைக் கழற்றிச் சவரக்கத்தி போலத் தீட்டச் சொல்லுங்கள்.

ஸ்பேனர்:
தீட்ட வேண்டும், சரி. சவரக்கத்திக் கூர்மை வேண்டாம். அவ்வளவு மெல்லிய விளிம்பு ஒரு சிறு கல் பட்டாலே மடங்கிவிடும். பழைய சாய்வு மாறாமல் அரம் போட்டால் போதும். அப்புறம் நடுத்துளையை ஒரு ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் அரம். எடை சமமில்லாத பிளேடு அதிர்ந்து அதிர்ந்து எஞ்சினின் தண்டையே கெடுக்கும். பிளேடைத் தொடுவதற்கு முன் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி ஒதுக்கி வைக்க வேண்டும். சும்மா பிளேடைச் சுற்றினாலே எஞ்சின் உதைத்து ஓடக்கூடும், விரல் போய்விடும்.

மழைத்துளி:
இதில் ஸ்பேனர் பக்கம்தான் நான். இன்னொன்று: பிளேடைக் கழற்றப் புல்வெட்டியைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் ஆயில் வழிந்து ஃபில்டரை நனைத்துவிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டரை சோப்பு நீரில் கழுவலாம். காகித ஃபில்டரில் தண்ணீர் படக் கூடாது, தட்டித் தூசி எடுங்கள், ரொம்ப அழுக்கானால் மாற்றிவிடுங்கள்.

தோட்டக்காரன்:
பெட்ரோல் வாங்கி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆயிலும் கருத்திருக்கிறது. அதை மறுபடி ஓட்டும்போது மாற்றினால் போதாதா?

மழைத்துளி:
அப்படியானால் அந்தப் பெட்ரோலை வடித்துவிடுங்கள், அதில் ஸ்டெபிலைசர் ஊற்றிப் பயனில்லை. புதிதாக நிரப்பி, கலந்து, ஓட்டி நிறுத்துங்கள்.

ஸ்பேனர்:
வடிப்பது வரை சரி, புதிதாக நிரப்புவதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. டேங்க் உட்புறத்தை ஒரு துணியால் துடைத்துக் காயவைத்து, உள்ளேயே லேசாக ஆயில் பூசினால் துரு அண்டாது. எஞ்சின் ஆயிலை நிறுத்துவதற்கு முன்பே மாற்றுங்கள். கருத்த ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும், மாதக்கணக்கில் பேரிங்கோடு அதை விட்டுவைக்காதீர்கள். சூடு ஆறுவதற்குள் வடித்தால் அழுக்கும் சேர்ந்து வந்துவிடும்.