பொருள்: 'அமைப்பு ஒத்த உறுப்பு' – கரடியையும் கட்லாவையும் வைத்து ஒரு மாற்றுச் சொல்

குழுவினருக்கு வணக்கம். ஒரே மூதாதையின் உறுப்பிலிருந்து வந்து, வெவ்வேறு உயிரினங்களில் இருக்கும் உறுப்புகளை (homologous organs) பாடநூல் 'அமைப்பு ஒத்த உறுப்புகள்' என்கிறது. அந்தச் சொல்லை மாற்றலாம் என்ற என் கருத்துக்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> 'அமைப்பு ஒத்த உறுப்புகள்' பாடநூலில் நிலைபெற்றுவிட்டது. அதை ஏன் கலைக்க வேண்டும்?

நிலைபெற்றது உண்மைதான் ஐயா. ஆனால் மாணவரைத் தவறான இடத்தில் தேட வைக்கிறது. மனிதக் கை, பூனையின் முன்னங்கால், திமிங்கலத் துடுப்பு, வௌவால் இறக்கை என்று பாடநூல் காட்டுவதெல்லாம் பாலூட்டிகள். எலும்பு வரிசை ஏறக்குறைய ஒன்றே என்பதால் அங்கே சொல் தப்பித்துவிடுகிறது. அஞ்செட்டிக் காட்டுக் கரடியையும் ஒகேனக்கல்லில் விற்கும் கட்லா மீனையும் பக்கத்தில் வைத்தால் மாட்டிக்கொள்ளும்.

கரடியின் நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி என மூன்று எலும்புகள். இவற்றுக்கு ஈடானவை கட்லாவின் காதில் இல்லை, தாடையில் இருக்கின்றன. தலையை வேகவைத்துப் பிரித்துப் பாருங்கள். மேல்தாடையும் கீழ்த்தாடையும் சேரும் மூட்டில், ஒவ்வொரு பக்கமும் இரண்டு எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும். மேலே இருப்பது பட்டடைக்கும் கீழே இருப்பது சுத்திக்கும் ஈடு. தாடையை மண்டையோட்டோடு தாங்கிப் பிடிக்கும் எலும்புதான் அங்கவடிக்கு ஈடு. கருவளர்ச்சியைக் கவனித்து ஜெர்மன் உடற்கூறியலாளர் ரைக்கர்ட் 1837-லேயே இந்தத் தாடை–காது உறவை எடுத்துக்காட்டினார். இதில் எந்த அமைப்பு ஒத்திருக்கிறது? வடிவம் வேறு, இடம் வேறு, வேலையும் வேறு. வந்த வழி மட்டும் ஒன்று.

இதற்கு நேர் எதிரானதும் அதே கட்லாவில் கிடைக்கிறது. மீனை அறுக்கும்போது நடுவில் இடுங்கிய வெள்ளைக் காற்றுப்பை ஒன்று வருமே, அது தண்ணீரில் வரும் ஒலிக்கு அதிரும். அந்த அதிர்வைச் சின்னச் சின்ன எலும்புகள் சங்கிலி போலக் கோத்து உட்செவிக்குக் கொண்டுபோகின்றன. கரடியின் காதெலும்புகள் செய்யும் அதே வேலைதான். ஆனால் இவை முதுகெலும்பின் முன்பகுதியிலிருந்து வந்தவை. வந்த வழி வேறு, வேலை ஒன்று. எனவே இது பாடநூல் சொல்லும் 'செயல் ஒத்த உறுப்பு' (analogous organ). அந்தச் சொல்லில் எனக்குக் குறையே இல்லை. (கெண்டை, கெளுத்தி வகைகளுக்கு இந்த எலும்புகள் உண்டு. ஜிலேபிக்கும் விராலுக்கும் கிடையாது. வகுப்பில் காட்ட மீன் வாங்குகிறவர்கள் பார்த்து வாங்குங்கள்.)

'அமைப்பு ஒத்த' என்று நாம் சொல்லும் கருத்துக்கு ஆங்கிலேய உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன் 1843-இல் தந்த வரையறையே, வடிவமும் செயலும் எவ்வளவு மாறினாலும் வெவ்வேறு விலங்குகளில் இருக்கும் அதே உறுப்பு என்றுதான் சொல்கிறது. நாம்தான் அதற்கு 'அமைப்பு' என்று பெயரிட்டு எதிர்த் திசையில் போய்விட்டோம்.

> 'வேரொத்த உறுப்பு' எப்படி?

நல்ல தமிழ்தான். ஆனால் தாவரவியல் வகுப்பில் வேர் என்றால் வேர்தான், அங்கே குழப்பும். 'பிறப்பொத்த' என்றால் பிறவிக் குறை நினைவுக்கு வருகிறது.

நான் முன்வைப்பது 'வழியொத்த உறுப்பு'. பங்காளிகளில் ஒருவர் பாலக்கோட்டில் தக்காளி போடுவார், இன்னொருவர் ஓசூரில் கம்பெனி வேலை பார்ப்பார். குலதெய்வக் கோயில் வரி என்று வந்தால் ஒரே வழி வந்தவர்கள். 'வழி' என்ற சொல்லுக்கு இந்தப் பொருள் ஏற்கெனவே பேச்சில் இருப்பதால் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பெயர்ச்சொல்லாக 'வழியொப்பு', இணையாகச் 'செயலொப்பு'. 'வழியொத்த மரபணு' என்றும் இடறாமல் நீள்கிறது.

குரோமோசோம் இணைகளை மட்டும் இதற்குள் இழுக்க வேண்டாம். அங்கே 'ஒத்த குரோமோசோம்' என்பதே இருக்கட்டும், அது தனிச் சிக்கல். மறுப்பு இருந்தால் எடுத்துக்காட்டோடு எழுதுங்கள். குறிப்பாகத் தாவரவியல் ஆசிரியர்கள், முள்ளாக மாறிய இலைக்கும் பற்றுக்கம்பியாக மாறிய இலைக்கும் இந்தச் சொல்லைப் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.