பொருள்: ரிமோட் காடியின் (பொம்மைக் காரின்) ஸ்டியரிங் பாகங்களுக்குத் தமிழ்ப் பெயர், வியாழனுக்குள்

சுங்கை சிப்புட் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி விடுமுறையில் எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ரிமோட் காடி பழுதுபார்க்கும் பயிற்சி வைக்கிறோம். பையன்கள் ஓட்டுவது தோட்டத்துத் திடலில். பாதி புல், பாதி செம்மண், நடுவே கல். கோல்கம்பத்தில் மோதி, முன்சக்கரம் ஒன்று கிழக்கும் மற்றொன்று மேற்கும் பார்க்கக் காடியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதனால் ஸ்டியரிங் பகுதியைக் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்டுவது பற்றி நான்கு பக்கக் கையேடு எழுதிவிட்டேன். அச்சகத்தார் வியாழக்கிழமை கேட்கிறார்.

படமும் வரைந்தாயிற்று. அம்புக்குறிகளுக்கு மேல் எழுதத்தான் பெயர் இல்லை. ரிமோட்டின் சைகையை வாங்கும் ரிசீவர் சொன்னபடி இடம், வலம் திரும்பும் சின்ன மோட்டார்ப் பெட்டி சர்வோ. அதன் தலையில் பூட்டும் கை ஹார்ன். அந்தக் கையிலேயே ஸ்பிரிங் வைத்து, மோதலின் அதிர்ச்சி சர்வோவின் பல்சக்கரத்துக்குப் போகாமல் தடுப்பது சர்வோ சேவர். அங்கிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி டர்ன்பக்கிள். சக்கரத்தைத் தாங்கிக்கொண்டு திரும்பும் துண்டு நக்கிள்.

பாடம் முழுக்கத் தமிழில் இருக்க, படத்தில் மட்டும் இப்படி எழுத மனம் ஒப்பவில்லை. உதவுங்கள்.

ஈப்போ, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

அம்மா, நல்ல முயற்சி. சர்வோ என்பதன் வேர் இலத்தீனில் அடிமையைக் குறிப்பது. ஏவியதைச் செய்பவன் ஏவலன். கருவி ஆகையால் ஏவலி. இதில் விவாதத்துக்கே இடமில்லை.

சர்வோ சேவருக்குப் புறநானூறு 102ஆம் பாட்டைப் பாருங்கள். உமணர் உப்பு வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போன சேம அச்சை ஔவையார் சொல்கிறார். மேடு பள்ளத்தில் என்ன நேருமோ என்று முன்கூட்டியே செய்த காப்பு. உங்கள் திடலும் அப்படித்தானே? ஆனால் சேமம் வடசொல் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்காக ஏமம் என்றே வைத்துக்கொள்வோம். நாட்டுக்கு அணியான ஐந்தில் ஒன்றாக வள்ளுவர் 738ஆம் குறளில் வைத்தது. ஆகவே ஏமக்கை. ஏமத்திலிருந்துதான் க்ஷேமமே பிறந்தது என்பது என் நெடுநாள் கருத்து. அதைத் தனி மடலில் விரிக்கிறேன்.

சுங்கை சிப்புட், பட்டறைக்காரர்:

> ஏவலி. இதில் விவாதத்துக்கே இடமில்லை.

ஐயா மன்னிக்கணும். இங்கே தோட்டத்தில் "ஏவலி கெட்டுப்போச்சு" என்று ஒரு பையன் வீட்டில் போய்ச் சொன்னால், அவன் பாட்டி எலுமிச்சம்பழம் வாங்கக் கிளம்பிவிடும். ஏவல் என்றால் எங்களுக்கு யாரோ வைத்தது, யாரோ எடுக்க வேண்டியது. சர்வோவை சர்வோ என்றே விடுங்கள்.

சேம அச்சும் பொருந்தவில்லை. நீங்கள் சொல்வது ஸ்பேர்: ஒன்று உடைந்த பிறகு எடுத்து மாட்டுவது. சேவர் உடையவே விடாமல் காப்பது. ஸ்பேருக்கு அந்தப் பெயரைத் தாராளமாக வையுங்கள், அருமையாக இருக்கும்.

டீச்சர், பெயர் எப்படியும் கிடைக்கும். கையேட்டில் இது இருக்கிறதா பாருங்கள். ஹார்னைப் பூட்டும் முன் ரிமோட் சுவிட்சை முதலில் போட்டு, அப்புறம் காடி சுவிட்சைப் போட்டு, ரிமோட்டில் நடுநிலையைச் சரிசெய்யும் டிரிம்மை நடுவில் வைத்து, சர்வோ தானாக நடுவுக்கு வந்த பிறகுதான் கையை நேராக அழுத்த வேண்டும். பையன்கள் கண்ணால் பார்த்து மாட்டிவிட்டு, காடி ஒரு பக்கம் நன்றாகத் திரும்புகிறது, மறுபக்கம் திரும்பவில்லை என்று வருகிறார்கள். இன்னொன்று, சர்வோ தலையின் பல் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஃபுட்டாபாவுக்கு 25, ஹைடெக்குக்கு 24, சன்வாவுக்கு 23. ஒன்றின் கையை மற்றொன்றில் அழுத்தினால் ஏறுவது போல ஏறி, பல்லைச் சீவிவிடும்.

கோயம்புத்தூர், இயந்திரப் பொறியாளர்:

முதலில் ஒரு ஐயம். காடி என்றால் எங்கள் பக்கம் புளித்த நீர், ஊறுகாய்க்கு ஊற்றுவது. அச்சில் கார் அல்லது மகிழுந்து என்று போடக்கூடாதா?

டர்ன்பக்கிளுக்கு வருகிறேன். அதன் ஒரு முனையில் வலப்பக்க மரை (திருகின் வரி), மறுமுனையில் இடப்பக்க மரை. அதனால்தான் கழற்றாமலே நடுவில் சாவி போட்டுத் திருகினால் இரண்டு முனையும் சேர்ந்து உள்ளே வரும், அல்லது சேர்ந்து வெளியே போகும். வலம்புரியும் இடம்புரியும் ஒரே தண்டில் இருப்பதால் இருபுரித் தண்டு எனலாம். சொல்லிலேயே வேலை தெரிகிறது.

சுங்கை சிப்புட், பட்டறைக்காரர்:

காடியைத் தொடாதீர்கள் அண்ணே. மகிழுந்து வானொலிச் செய்தியில் மட்டும்தான் ஓடும்.

இருபுரி நன்றாக இருக்கிறது. இரண்டு பக்கத் தண்டிலும் இடப்பக்க மரை காடியின் ஒரே பக்கம் பார்த்து இருக்கும்படி மாட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் எந்தப் பக்கம் திருகினால் நீளும் என்று குழம்ப வேண்டாம்.

சுங்கை பட்டாணி, உயிரியல் ஆசிரியர்:

தலையிட வேண்டியிருக்கிறது. சங்கின் சுருள் தொடங்கும் கூர்முனையை மேலே பிடித்து வாய் நம்மைப் பார்க்க வைத்தால், சாதாரணச் சங்குக்கு வாய் வலப்பக்கம் இருக்கும். அதைத்தான் நாம் இடம்புரி என்கிறோம். வாய் இடப்பக்கம் இருக்கும் அரிய சங்குதான் வலம்புரி. உலகத்தின் சாதாரணத் திருகாணி எந்தச் சுற்றில் போகிறது தெரியுமா? இடம்புரிச் சங்கின் சுற்றில். ஆக, வலப்பக்க மரைக்கு வலம்புரி என்று பெயரிட்டால் உண்மைக்கு நேர் எதிர். சங்கை எந்த முனையிலிருந்து பார்க்கிறோம் என்பதில் வந்த வேறுபாடு இது.

டீச்சர், உங்கள் சுங்கை சிப்புட்டின் பெயருக்கே மலாயில் நத்தை ஆறு என்று பொருள். அங்கிருந்து இந்தப் பிழை வெளியாவது அழகல்ல.

கோயம்புத்தூர், இயந்திரப் பொறியாளர்:

நான் "இருபுரி" என்றுதான் சொன்னேன். எது வலம், எது இடம் என்று சங்குகள் தீர்மானித்துக்கொள்ளட்டும். முனைகளைக் குறிக்க வேண்டுமானால் கணக்குப் புத்தகத்தில் உள்ள வலஞ்சுழி, இடஞ்சுழி போதும். வலஞ்சுழியாகத் திருகினால் இறுகுவது வலஞ்சுழி மரை.

தைப்பிங், ஓய்வுபெற்ற தாதி:

நக்கிளுக்கு யாரும் வாய் திறக்கவில்லையே. விரல் முட்டிக்கும் கணுக்கால் மூட்டுக்கும் என் அம்மா "மொழி" என்பார். "மொழி பிசகிப்போச்சு" என்றால் சுளுக்கு. அகராதியிலும் உண்டு. கரும்பின் கணுவுக்கும் அதே சொல். ஆங்கிலத்திலும் விரல் முட்டியின் பெயரைத்தானே அந்தத் துண்டுக்கு வைத்திருக்கிறார்கள்? திருப்பு மொழி என்று வைக்கலாம்.

ஈப்போ, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

அற்புதம் அம்மா! பேச்சும் மொழி, மூட்டும் மொழி. ஒலிகள் கணுக்கணுவாகப் பூட்டிக்கொள்வதால்தான் பேச்சுக்கு அப்பெயர் வந்திருக்க வேண்டும். இதை விரித்தெழுத மூன்று நாள் அவகாசம் கொடுங்கள்.

சுங்கை சிப்புட் ஆசிரியை:

ஐயா, இரண்டு நாள்தான் இருக்கிறது. மேலும் "மொழியைக் கழற்றித் துடைக்கவும்" என்று தமிழ்ப்பள்ளிக் கையேட்டில் அச்சிட எனக்குத் தைரியம் வரவில்லை. கணு என்றால் பிள்ளைகளுக்குத் தெரியும். மூங்கில் இருக்கிறது, கரும்பு இருக்கிறது.

சேவர்தான் இன்னும் நிற்கிறது. பாடத்தில் ஸ்பிரிங்கைச் சுருள்வில் என்கிறோம். சுருள்கை என்று போடட்டுமா?

ஈப்போ, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

சுருளை உடைய கை என்றால் வேற்றுமைத் தொகை. நன்னூல்படி ளகரம் டகரமாகி சுருட்கை என்றுதான் வரும். வில்லை வைத்துச் சொன்னால் விற்கை.

கோயம்புத்தூர், இயந்திரப் பொறியாளர்:

விற்கை என்று எழுதினால் கடையில் விலை கேட்பார்கள். சுருள்கை வினைத்தொகையாக இருந்துவிட்டுப் போகட்டும். சுருண்ட கை, சுருள்கின்ற கை, சுருளும் கை. புணர்ச்சி மாற்றம் தேவையில்லை.

ஈப்போ, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

சுருள்வது உள்ளே இருக்கும் கம்பி, கை அல்ல. பொருள் பிறழ்ந்தால் தொகை எப்படி நிற்கும்?

சுங்கை சிப்புட், பட்டறைக்காரர்:

என்னிடம் வரும் பையன்கள் அதை ஸ்பிரிங் கை என்கிறார்கள். பாதித் தமிழ், முழு விளக்கம். ஏமக்கை என்று சொன்னால் ஏமாந்த கை என்று சிரிப்பார்கள்.

அந்தப் பக்கத்தில் இதையும் சேர்த்துவிடுங்கள். காடியும் ரிமோட்டும் போட்ட நிலையில் ஒரு முன்சக்கரத்தைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்க்கணும். மற்ற சக்கரமும் கூடவே ஆடி, சர்வோ கை மட்டும் அசையாமல் நின்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், இல்லையென்றால் சேவர் உட்காரும் புஷ் (உள்வளையம்) தேய்ந்திருக்கும். பிடித்த சக்கரம் மட்டும் ஆடினால் அந்தப் பக்கத்துக் கணு, இல்லையென்றால் தண்டு முனையில் இருக்கும் உருண்டை மூட்டு. இது தெரியாமல் சர்வோதான் போச்சு என்று தவுக்கே (முதலாளி) கடைக்கு ஓடுகிறார்கள். உருண்டை மூட்டுக்கு கிரீஸ் தடவாதீர்கள். செம்மண் அதில் ஒட்டி அரம் போல அரைக்கும். பல்துலக்கும் பழைய பிரஷ்ஷால் துடைத்தால் போதும். திருகு தளராமல் பிடிக்கும் மரைப் பசை இரும்பில் இரும்பு ஏறும் இடத்துக்கு மட்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் சில வகை வெடித்துவிடும்.

சுங்கை சிப்புட் ஆசிரியை:

நன்றி. இந்தப் பத்தியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், அண்ணன் ஒப்புக்கொண்டால்.

அச்சுக்குப் போகும் சொற்கள்: சர்வோ, சர்வோ கை, சுருள்கை, இருபுரித் தண்டு, திருப்பு கணு. மாற்று உதிரிகள் வைக்கும் டப்பாவுக்குச் சேமப்பெட்டி. ஐயாவின் உமணர்களுக்கு அந்த மரியாதையாவது இருக்கட்டும். காடி, காடியாகவே இருக்கிறது. எதிர்ப்பு இருந்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.

சுங்கை பட்டாணி, உயிரியல் ஆசிரியர்:

எதிர்ப்பில்லை. படத்தில் சங்கு ஏதும் வரையவில்லையே?

கோயம்புத்தூர், இயந்திரப் பொறியாளர்:

சரி.

தைப்பிங், ஓய்வுபெற்ற தாதி:

சரி. அடைப்புக்குறிக்குள் மொழி என்று ஒரு தடவையாவது போட்டிருக்கலாம்.

ஈப்போ, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், சுருட்கை நீங்கலாக. சர்வோ என்பதை அப்படியே விட்டதில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதைக் குழு பதிவு செய்துகொள்ள வேண்டும். ஏவலியில் பாட்டிமார்களுக்குப் பயம் என்றால் பணியன் என்று வைத்திருக்கலாம். க்ஷேமம் பற்றிய மடல் நாளை வரும்.